கேட்காமல் விட்ட மொழி

வீட்டைப் பூட்டியதும் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்ப்பது எல்லோருக்கும் உள்ள வழக்கம்தான். இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனை வரை நடந்து, அங்கிருந்து திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பவர் அந்தத் தெருவில் ஒருவர்தான் இருந்தார். அவருடைய சொந்தப் பெயர் அலுவலகத்தில் வழக்கொழிந்து போயிற்று. 'சந்தேகம்' என்றே அழைத்தார்கள். மரியாதை குறையக் கூடாது என்று அதன் பின்னால் ஒரு 'சார்' சேர்த்துக்கொண்டார்கள். அடுப்பின் குமிழைத் திருகிப் பார்ப்பார். குழாயின் கீழே உள்ளங்கையை நீட்டி, சொட்டு விழுகிறதா என்று காத்திருப்பார். இஸ்திரிப்பெட்டியின் வயரைப் பிடுங்கி மேசைமேல் கண்ணில் படும்படி வைப்பார். வைத்தோமா என்று பார்க்க மறுபடியும் உள்ளே போவார்.

அவருடைய மனைவியும் வேலைக்குப் போகிறவள். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பாள்.

"ஏங்க, வெளியே வர்றீங்களா, உள்ளேயே குடியிருக்கப் போறீங்களா?"

"ஒரு சின்னச் சந்தேகம்..."

"எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. பஸ் போயிடுச்சு."

இத்தகைய மனிதருக்கென்றே அமைந்ததுபோல ஒரு வேலை இருந்தது. அது அவருக்குக் கிடைத்தும் இருந்தது. தையல்கடை ஒன்றின் மாடியில் இருந்த சில அறைகளில் அந்த அலுவலகம் நடந்தது. விற்பனைக்கு வரப்போகும் பொருள்களுக்குச் சூட்டிய பெயர்களைச் சோதித்துத் தருவதே அங்கு தொழில். சோப்புக்கோ மிட்டாய்க்கோ ஒரு நிறுவனம் இனிய ஓசையுள்ள பெயரொன்றைப் படைத்துக் கொண்டுவரும். அந்த ஓசை வேற்றுமொழிக்காரர் காதில் வசையாக விழுமா, அபசகுனமாக விழுமா என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். இதற்கு அகராதி போதாது. அகராதிக்கு முகம் சுளிக்கத் தெரியாது. ஆகவே மொழிக்கு ஒருவராகத் தெரிந்தவர்களை வைத்திருந்தார்கள். அவர்களைத் தொலைபேசியில் அழைத்து, இன்ன பொருளுக்கு என்று சொல்லாமல், சொல்லை மட்டும் உரக்கச் சொல்லி, எதிர்முனையில் முதலில் எழுவது சிரிப்பா தயக்கமா மௌனமா என்று கவனிப்பார்கள். 'காதில் போடுவது' என்று இதற்குப் பெயர். ஒரு மொழிக்காரர் காதிலாவது போடாமல் விட்ட பெயரை வெளியே அனுப்பக் கூடாது என்பது அந்த அலுவலகத்தின் ஒரே சட்டம்.

அந்த ஆண்டு ஒரு மருந்து நிறுவனம், குழந்தைகளின் காய்ச்சலுக்கான பாகு மருந்துக்குத் 'தாலா' என்று பெயர் வைத்துக் கொண்டுவந்தது. சந்தேகம் சார் தொலைபேசியை அருகில் இழுத்துக்கொண்டார்.

கம்பளக் கடைக்காரர் காதில் போட்டபோது, "தங்கம்!" என்றார், பாரசீகத்தில் அதுதான் பொருள். "விலை என்ன சொல்றீங்க?" என்றும் கேட்டார். இந்தி வாத்தியாரம்மா, "பூட்டு" என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டார். பிலிப்பைன்ஸ் நாட்டுத் தகலாகு பேசும் செவிலி, "விண்மீன். விடியல்ல பளிச்சுன்னு தெரியுமே, அது. எங்க வீட்டு நாய்க்குட்டிக்கும் அதுதான் பேரு" என்றார். சுவீடியப் பொறியாளருக்கு அது 'பேசு' என்னும் வினைச்சொல். சமோவாவிலிருந்து வந்து குடியேறிய பாட்டு வாத்தியாருக்கு அது 'கதை'. அவர் நாட்டுப் பணத்துக்கும் ஏறக்குறைய அதே பெயர்தான் என்று சிரித்தார். குறிலும் நெடிலும் ஒவ்வொருவர் வாயிலும் சற்று முன்பின்னாக வந்தன; ஆனால் எவரும் முகம் சுளிக்கவில்லை.

முதலாளியம்மாவுக்கு ஒரே வியப்பு.

"நம்ம வீட்டுச் சொல்லும் இருக்கே சார். ஆளுக்குத் தலா ஒரு ஸ்பூன்! சரி, இதெல்லாம் ஒரே தாய் வயித்துப் பிள்ளைங்களா?"

"இல்லைம்மா. இந்திப் பூட்டு சமஸ்கிருதத்துலேர்ந்து வந்தது. சுவீடன்காரர் பேச்சும் இங்கிலீஷ்காரர் 'டெல்'லும் ஒரே வம்சம். பாட்டு வாத்தியார் சொன்ன கதை கடலோடிங்களோட கூடவே தீவு தீவாப் போனது. பேசறது, கதைன்னு ரெண்டும் கிட்டக்கிட்ட இருக்கிறதாலே உறவுன்னு நினைப்போம். ரத்த சம்பந்தமே கிடையாது. ஆனா சமோவாக்காரங்க பணத்துக்குப் பேரு டாலர்லேர்ந்து வந்தது. ஒரே வீட்டுலே குடியிருக்கிற ரெண்டுமே வேற வேற கப்பல்லே வந்திருக்கு."

"ஒரே மாதிரி சட்டை போட்ட அந்நியருங்கன்னு சொல்லுங்க."

மேட்டில் தொங்கிய மணியொன்றின் கதையும் இதுவே. மணி அடித்ததும், கறக்க வருகிறார்கள் என்று எருமை மடியைத் தளர்த்திற்று. துரத்த வருகிறார்கள் என்று நரி ஓடிற்று. ஆந்தை, பொழுது விடிந்துவிட்டதென்று கண்ணை மூடிக்கொண்டது. மணிக்குத் தெரிந்ததெல்லாம் ஆடுவது மட்டுமே. ஆகையால் மணியடிக்கிறவன்தான் கீழே யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

பார்க்க வேண்டியவர்களில் ஒருவர் மிச்சமிருந்தார். துறைமுகத்தை ஒட்டிய குடியிருப்புகளில், முன்பொரு காலத்தில் கடல்வழியாக வந்தவர்களின் வழித்தோன்றல்கள் பேசும் மொழி ஒன்று உண்டு. அதற்குரியவர் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஒரு பெண்மணி. எல்லோருக்கும் அவர் அக்கா. சாட்சிக்கூண்டின் அருகே நின்று, சாட்சி சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல் நீதிபதிக்கு எடுத்துச் சொல்வதே அவர் பணி. நாக்கு கத்தி, நினைவு கல்வெட்டு.

சந்தேகம் சாருக்கு அவரிடம் அச்சம் இருந்தது. அதற்குக் காரணமும் இருந்தது. முன்பு ஒரு பிஸ்கட்டின் பெயரைக் கேட்டு, அவர் 'ஒன்றுமில்லை' என்று சொன்ன பிறகும், அன்று மாலை ஒருமுறை, மறுநாள் ஒருமுறை, அதற்கடுத்த நாள் ஒருமுறை என்று அழைத்து உறுதிப்படுத்திக்கொண்டார்.

"ஏன் சார், உங்களுக்கு என் பதில் மேலே சந்தேகமா, என் மேலேயே சந்தேகமா? ஜட்ஜே என்னை ஒரு தடவைதான் கேட்பாரு. இனிமே ரெண்டாந்தடவை போன் அடிச்சீங்க, உங்க வீட்டுக்கே வந்து நாள் பூரா பதில் சொல்லிட்டு இருப்பேன், பார்த்துக்கோங்க!"

அன்றிலிருந்து அவருடைய கைபேசி எண்ணை அழுத்துவதற்கு முன் சந்தேகம் சார் தண்ணீர் குடித்துக்கொள்வார்.

இம்முறை அழைத்தபோது, எதிர்முனையில் சக்கர நாற்காலி உருளும் ஓசையும் யாரையோ விளிக்கும் ஒலிபெருக்கியும் கேட்டன.

"யாரு? சாரா? ஆஸ்பத்திரியிலே இருக்கேன். அவருக்கு நெஞ்சுல ஆபரேஷன், உள்ளே கொண்டுபோறாங்க. அப்புறம் கூப்பிடுங்க."

சொல்லைச் சொல்லுமுன்பே தொடர்பு அறுந்தது.

அப்புறம் என்றால் எப்போது? மாலையில் எண்ணை அழுத்தி, மணி அடிக்குமுன் வைத்துவிட்டார். மயக்கம் தெளிந்திருக்குமோ, தெளிந்திராதோ? மறுநாளும் அப்படியே. கணவர் பிழைத்தாரா என்று தெரியாத நிலையில், காய்ச்சல் மருந்தின் பெயரை எப்படிக் கேட்பது? அதுவும் இரண்டாம் முறை! எதையும் பலமுறை சரிபார்க்கிறவர், சரிபார்த்ததற்காகப் பட்ட வசையை எண்ணி, சரிபார்க்க வேண்டிய ஒன்றை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார்.

அதற்குள் மருந்து நிறுவனத்துக்காரர் வந்து முதலாளியம்மாவின் அறையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். மழைக்காலம் நெருங்குகிறது, குழந்தைகளுக்குக் காய்ச்சல் காலம், அச்சகம் காத்திருக்கிறது என்றார். முதலாளியம்மா கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

"சந்தேகம் சார், எல்லார் காதுலயும் போட்டாச்சா?"

"ம்."

"துறைமுகத்து அக்கா?"

"ஒண்ணும் இல்லைன்னாங்க" என்றார் சந்தேகம் சார்.

சொன்ன பிறகுதான் அவர் காதிலேயே அது விழுந்தது. கதவு மூடிவிட்டது. மாலையில் அக்காவைக் கேட்டுவிட்டால் பொய் மெய்யாகிவிடும் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டார். ஆனால் மாலையில் கேட்டு, அக்கா வேறுவிதமாகச் சொல்லிவிட்டால்? கேட்காத வரையில் பிழை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கேட்டால் அந்தப் பாதி நிம்மதியும் போய்விடும். அவர் கேட்கவில்லை.

மருந்து கடைகளுக்கு வந்தது. மஞ்சள் அட்டைப்பெட்டியில், ஒரு குழந்தை நட்சத்திரத்தைப் பிடிக்கக் கை நீட்டுவதுபோல் படம். அதன் கீழே பெரிய எழுத்தில் 'தாலா'. மருந்துக்கடை இருக்கும் தெருக்களைத் தவிர்த்துச் சுற்றிப் போகத் தொடங்கினார் சந்தேகம் சார். வீட்டில் ஒரு விந்தை நிகழ்ந்தது. அவர் பூட்டை இழுத்துப் பார்க்காமலேயே நடந்தார்.

"என்னங்க, உடம்புக்கு என்ன?" என்று மனைவி அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "பூட்டைப் பார்க்கலையே?"

"அதான் பூட்டிட்டேனே."

"போச்சு. நிச்சயமா ஏதோ நடந்திருக்கு" என்றாள் அவள்.

கடைசியில் ஒருநாள் தாங்க மாட்டாமல் துறைமுகக் குடியிருப்புக்கே போனார். சரக்குக் கிடங்குகளின் பின்னால், மாடிகளுக்கிடையே துணி உலரும் குறுகிய தெரு. மருந்துக்கடையில் தலைவலி மாத்திரை கேட்டுவிட்டு, விழுங்கத் தண்ணீரும் கேட்டு, நேரத்தைக் கடத்தினார். தோளில் காய்ச்சலால் துவண்ட குழந்தையுடன் ஓர் இளந்தாய் வந்தாள். கடைக்காரர் வெளியூர்க்காரர் போலும்; மஞ்சள் பெட்டியை எடுத்து நீட்டி, "புதுசும்மா, தாலா, நல்லாக் கேட்கும்" என்றார்.

அந்தப் பெண் சூடுபட்டவளைப்போலக் கையை இழுத்துக்கொண்டாள். குழந்தையின் காதைத் தன் உள்ளங்கையால் பொத்தினாள்.

"வேற குடுங்க. அந்தப் பேரைச் சொல்லாதீங்க."

"எல்லாரும் இப்படியே சொன்னா எப்படிம்மா? என்னதான் அர்த்தம்?"

"படகுலேர்ந்து பாரத்தைக் கயித்துல இறக்கும்போது சொல்றது. இப்போ யாரு படகு ஓட்டறாங்க? பெட்டியைக் குழியிலே இறக்கும்போதுதான் சொல்றோம்."

வேறொரு மருந்தை வாங்கிக்கொண்டு அவள் போனாள். சந்தேகம் சார் மாத்திரையை விழுங்காமலே சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். இனி அவருக்குச் சந்தேகம் இல்லை. அதுவே தாங்க முடியாததாக இருந்தது.

அப்போதாவது முதலாளியம்மாவிடம் நேராகப் போய்ச் சொல்லியிருக்கலாம். இன்று சொல்வோம், சாப்பிட்டபின் சொல்வோம் என்று அவர் நாளைக் கடத்தியதற்குள், துறைமுகத்திலிருந்து பெட்டிகள் அப்படியே திரும்பி வருகின்றன என்று மருந்து நிறுவனத்துக்காரரே சீறிக்கொண்டு முதலாளியம்மாவை அழைத்துவிட்டார். முதலாளியம்மா துறைமுகத்து அக்காவுக்கு ஆள் அனுப்பினார்.

அக்கா வந்தார். கணவர் பிழைத்துவிட்டார், ஆனால் இரவுகளைக் கண் விழித்துக் கழித்த களைப்பு அவர் முகத்தை விட்டுப் போகவில்லை. நாற்காலியின் விளிம்பில் அமர்ந்தார்.

"அக்கா, 'தாலா'வுக்கு உங்க மொழியிலே அர்த்தம் இருக்கா?" என்றார் முதலாளியம்மா.

அக்காவின் புருவம் சுருங்கியது. "இருக்கே. சாவு வீட்டுச் சொல்லு. எதுக்கு?"

"அப்போ ஒண்ணும் இல்லைன்னு ஏன் சொன்னீங்க?"

"நானா? எப்போ?" அக்கா திரும்பினார். "சார், நீங்க என்னை இதைக் கேட்டீங்களா?"

கீழே தையல்கடையில் யாரோ ஒரு தையலை ஓட்டி முடித்தார்கள். வேலை, வீட்டு வாடகை, முதலாளியம்மா தம்மீது வைத்திருந்த நம்பிக்கை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சந்தேகம் சாரின் கண்முன் வந்தன.

"கேட்டேன்க்கா" என்றார். "ஆஸ்பத்திரியிலே இருந்தீங்களே, அப்போ."

அக்கா சண்டைக்கு வருவார் என்று அவர் எதிர்பார்த்தார். ஒருவகையில் அதை விரும்பவும் செய்தார். 'பொய்' என்று அக்கா ஓர் அதட்டல் போட்டிருந்தால் அங்கேயே உடைந்திருப்பார். ஆனால் அக்கா தம் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க போன் பண்ணினது ஞாபகம் இருக்கு. என்ன கேட்டீங்கன்னு ஞாபகம் இல்லை. அந்த நாலு நாளும் என்ன பேசினேன், யார்கிட்ட பேசினேன், ஒண்ணுமே நினைவில்லை. சார் பொய் சொல்ல மாட்டாரு. ஒரு தடவைக்குப் பத்துத் தடவை கேக்கறவரு." அவர் குரல் தாழ்ந்தது. "அப்போ நான்தான் ஏதோ உளறியிருக்கேன்."

"சரிக்கா, விடுங்க. இனிமே நாங்க வேற ஆளைப் பார்த்துக்கறோம்" என்றார் முதலாளியம்மா, வருத்தத்தோடுதான்.

"இதை விடறது பெரிசில்லைம்மா. அதே வாரத்துலதான் கோர்ட்டுக்கும் ஒருநாள் போயிட்டு வந்தேன். சாவு வீட்டுச் சொல்லையே ஒண்ணுமில்லைன்னு சொன்னவ, சாட்சிக்கு என்னத்தைச் சொன்னேனோ? நான் மாத்திச் சொன்னா ஒருத்தன் ஜெயிலுக்குப் போவான்." எழுந்துகொண்டார். "நாளைக்குக் காலையிலே பதிவாளரைப் பார்த்து நின்னுக்கறேன்னு சொல்லிடறேன். அவராலே இனி வேலை செய்ய முடியாது; வீட்டை எப்படி ஓட்டறதுன்னு அப்புறம் யோசிச்சுக்கலாம்."

படியிறங்கும்போது அக்கா கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியையும் கண்ணால் பார்த்துவிட்டுக் கால் வைத்தார். படி அங்கேதான் இருக்கிறதா என்று ஐயுறுகிறவரைப்போல. மாடியிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்த சந்தேகம் சாருக்கு, தம்முடைய நோயைத் தாமே எடுத்து இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டது விளங்கிற்று.

அன்று இரவு சாப்பிட உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் மனைவியிடம் சொன்னார். அவள் பாத்திரத்தை வைத்துவிட்டு அவர் எதிரே உட்கார்ந்தாள்.

"சந்தேகப்படறவரு, ஆனா பொய் சொல்லாதவருன்னு நினைச்சுத்தான் இத்தனை வருஷம் வாசல்லே காத்துக்கிட்டு நின்னேன்" என்றாள். "கோர்ட்டை எத்தனை மணிக்குத் திறப்பாங்க?"

காலையில் இருவரும் ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். பஸ் நகரவில்லை; இடையிலேயே இறங்கினார்கள். அக்கா முன்னதாகவே பதிவாளரைப் பார்த்துவிட்டால்? பதிவாளர் சரியென்று வேறொருவரை அமர்த்திவிட்டால்? நீதிமன்றத் தாழ்வாரத்தில் கறுப்பு அங்கிகளும் சாட்சிகளும் நெருக்கியடித்துக்கொண்டிருந்தனர். மூச்சு வாங்கப் பதிவாளரின் அறைக்குள் நுழைந்தபோது அக்கா அங்கே நின்றுகொண்டிருந்தார். மேசைக்கப்பால் இருந்த பதிவாளர், "யோசிச்சுத்தான் சொல்றீங்களா அம்மா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா, நான் கேட்கலை!" என்றார் சந்தேகம் சார்.

பதிவாளர் நிமிர்ந்தார். "யார் நீங்க? வரிசையிலே வாங்க."

"இவங்க எதையும் மறக்கலைங்க. மாத்தியும் சொல்லலை. அன்னிக்கு நான் போன் பண்ணினேன். ஆனா அந்தச் சொல்லைச் சொல்லவே இல்லை, அதுக்குள்ளே வெச்சுட்டாங்க. அப்புறம் பயந்துக்கிட்டு நான் கூப்பிடவே இல்லை. கேட்டேன்னு முதலாளியம்மாகிட்ட பொய் சொன்னேன். நேத்து இவங்க முகத்தைப் பார்த்தே இன்னொரு தடவை சொன்னேன்."

அக்காவின் முகத்தில் முதலில் வந்தது சினமன்று. தண்ணீருக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்தவரின் மூச்சு. சினம் அதன்பின் வந்தது.

"ராத்திரி பூரா உக்கார்ந்து, அவர் பேரு என்ன, எங்க கல்யாணத் தேதி என்ன, தம்பி பசங்க பேரு என்னன்னு எனக்கு நானே பரீட்சை வெச்சுக்கிட்டிருந்தேன்யா. மூளை குழம்பிடுச்சுன்னு நினைச்சேன். ஒரு போன் போட உனக்கு என்ன கேடு?"

"உங்ககிட்ட திட்டு வாங்கப் பயம்க்கா."

"இப்போ மட்டும் என்ன, பாராட்டவா போறேன்?"

கதவோரம் நின்ற மனைவி, "நல்லாத் திட்டுங்கக்கா. என் பங்கையும் சேர்த்துத் திட்டுங்க" என்றாள்.

பதிவாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்போ வேலையை விடற பேச்சு இல்லைதானே அம்மா? மூணாம் நம்பர் கோர்ட்டுலே உங்களுக்காகக் காத்திருக்காங்க."

அக்கா சந்தேகம் சாரைப் பார்த்தார்.

"நான் நின்னுக்கப்போறேன்னு வெளியே எங்க ஆளுங்க கிட்டல்லாம் சொல்லிட்டேன். புத்தி தடுமாறிடுச்சுன்னு என் வாயாலேயே சொன்னேன். அவங்களுக்கு யாரு சொல்றது?"

சந்தேகம் சார் தாழ்வாரத்துக்கு வந்தார். மொழிபெயர்ப்பாளர்கள் அமரும் நீள இருக்கையில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். அவர்கள்முன் நின்று, தாம் யார், என்ன செய்தார் என்பதை எதையும் விடாமல் சொன்னார். ஒருவர், "கொஞ்சம் சத்தமா" என்றார். மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். பிறகு முதலாளியம்மாவைக் கைபேசியில் அழைத்து, அதே இடத்தில், அத்தனை பேரும் கேட்க, அதையே சொன்னார். "நாளையிலேர்ந்து வர வேண்டாம் சார்" என்று எதிர்முனையிலிருந்து வந்தது.

"சரிம்மா. துறைமுகத்துக் கடையிலெல்லாம் நானே போய்ச் சொல்லி அந்த மருந்தை எடுக்க வெச்சுடறேன். இன்னிக்கே போறேன். ஆனா நேத்து உங்க ரூம்லே வெச்சு அக்காவை வேண்டாம்னு சொன்னது தப்பு. அது என்னாலே வந்த தப்பு. நீங்க நேர்ல வந்து அவங்ககிட்ட சொல்லணும்."

"வரேன்" என்றார் முதலாளியம்மா.

மூன்றாம் எண் நீதிமன்றத்தின் வாயிலில் பணியாள் அக்காவை அழைத்தார். அக்கா தலைமயிரை ஒதுக்கிக்கொண்டு, யாரையும் திரும்பிப் பாராமல், தரையைக் கவனிக்காமல், விடுவிடுவென்று உள்ளே போனார். சந்தேகம் சார் மனைவியிடம் கைப்பையை வாங்கிக்கொண்டு, துறைமுகத்துக்குப் போகும் பஸ் எங்கே நிற்கும் என்று வாயிற்காவலரிடம் கேட்டார்.